புரொஸ்ரேற் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்துவிட்டதா? அன்றைக்கே தொடங்க வேண்டிய பயிற்சி

கிளினிக்கில் ஒப்பரேசனுக்குத் திகதி எழுதித் தந்தபோது இன்னும் ஏழு கிழமை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது புற்றுநோய் அல்ல. டொக்டர் கடைசியாகச் சொன்ன ஒரு வரிதான்: "கொஞ்ச நாளைக்கு சலம் கட்டுப்படாமல் போகலாம் ஐயா." முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு வட்டக்கச்சியில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். கோயில், செத்தவீடு, கமக்காரர் கூட்டம் என்று நாலு பேர் நடுவில் நிற்கிறவன். கத்தி வைப்பதைப் பற்றிய பயத்தைவிட, வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. காசு தேவையில்லை, கருவி தேவையில்லை. ஆனால் ஒப்பரேசனுக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன், உறுப்புகளை அவற்றின் பெயராலேயே சொல்லி.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். புரொஸ்ரேற் என்பது சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளம் வயதில் பெரிய கொட்டைப்பாக்கு அளவு. வயது போகப் போகப் பருக்கும். சலம் தானாக வழியாமல் இருக்க உடம்பில் இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று சலப்பையின் வாயில், புரொஸ்ரேற்றை ஒட்டி. நாம் நினைக்காமலே அது பூட்டியிருக்கும். மற்றது புரொஸ்ரேற்றுக்குக் கீழே, நாமாக நினைத்து இறுக்கக்கூடியது. அந்தக் கீழ்க் கதவுக்குத் துணை நிற்பவைதான் இடுப்புத் தளத் தசைகள். முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை, குழந்தைக்குக் கட்டுகிற ஏணை போல அவை உள்ளே தாங்கி நிற்கின்றன.

புற்றுநோய்க்காக புரொஸ்ரேற்றை முழுதாக எடுக்கும்போது மேல் கதவின் பலம் போய்விடுகிறது. அதன்பிறகு தண்ணீர் முழுவதையும் கீழ்க் கதவே மறிக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் மறித்துப் பழகிய எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை. மழை வந்த பிறகு கதவைத் திருத்தப் போகிறவன் யார்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் இல்லாமல், வீக்கத்துக்காக மட்டும் சலவாசல் வழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுக்கிற ஒப்பரேசனும் உண்டு, ரி.யூ.ஆர்.பி என்று சொல்வார்கள். அதில் நீடித்த கசிவு வருவது குறைவு. சில கிழமைகளுக்கு அவசரமாகப் போக வேண்டும் போல இருக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கும் இந்தப் பயிற்சி நல்லது. உங்களுக்கு எந்த ஒப்பரேசன் என்று டொக்டரிடம் தெளிவாகக் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுவே தெரியாது.

தசையைக் கண்டுபிடிப்பது

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு அச்சடித்த தாள். தசையை இறுக்கவும், பத்து வரை எண்ணவும், தளர்த்தவும் என்று இருந்தது. எந்தத் தசை, எப்படி இறுக்குவது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் காட்டவில்லை. பன்னிரண்டு நாள் நான் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, பின்பக்கத்தை இறுக்கி, தொடை நடுங்க நடுங்கச் செய்தேன். நாரி நோவு வந்ததுதான் மிச்சம்.

அடுத்த கிளினிக்கில் நானே கேட்டு பிசியோதெரபி அறைக்குப் போனேன். என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. திரையை இழுத்துவிட்டு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னா.

"ஐயா, ஒரு கையை வயித்திலை வையுங்கோ, மற்றக் கையைப் பின்பக்கத்திலை வையுங்கோ. இப்ப செய்து காட்டுங்கோ."

செய்தேன்.

"ரெண்டு கையும் அசையுது. அப்ப வேலை செய்யிறது வேறை தசை. இது இல்லை ஐயா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டா: "மார்கழி விடியப்புறம் குளத்துக்குள்ளை இறங்கியிருப்பியள் தானே? தண்ணி இடுப்புக்கு வரேக்குள்ளை என்ன நடக்கும்?"

எனக்குக் காது சுட்டது. அவவுக்கு ஒரு தயக்கமும் இல்லை. "குறி தானா உள்ளுக்கு இழுபடும், என்ன? அதை இப்ப நீங்களா இழுங்கோ. மெதுவா. மூச்சை விட்டுக்கொண்டு."

அப்போதுதான் அதை முதல்முறையாக உணர்ந்தேன். மலவாசலில் அல்ல. அதற்கு முன்னே, விதைப்பைக்குப் பின்னால், உள்ளே ஒரு நூலைப் பிடித்து யாரோ மேலே இழுத்தது போல. மிகச் சின்ன அசைவு. வயிற்றில் இருந்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை. "அதுதான் ஐயா, அதேதான்" என்றா. பன்னிரண்டு நாளில் வராதது இரண்டு நிமிடத்தில் வந்தது.

நீங்களும் இப்படியே தேடுங்கள். குறியை உள்ளுக்கு இழுத்துக் குட்டையாக்குவதாக நினையுங்கள். அத்தோடு விதைகள் மெல்ல மேலே எழும்புவதாக நினையுங்கள். காற்றுப் போகாமல் மலவாசலை இறுக்குவது பலருக்கும் தெரிந்த வழி. அதுவும் இந்தத் தசைத் தளத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆண்களுக்கு சலக்கதவு இருப்பது முன்பக்கம். பின்னால் மட்டும் இறுக்கிக்கொண்டிருந்தால் முன்கதவுக்குப் போதிய வேலை கிடைக்காது.

சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க மூன்று வழி இருக்கிறது. அறையைப் பூட்டிவிட்டு, உடுப்பில்லாமல் கண்ணாடி முன்னே நில்லுங்கள். இறுக்கும்போது குறியின் அடி கொஞ்சம் உள்ளே போகும், விதைப்பை கொஞ்சம் எழும்பும். அல்லது விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவே இரண்டு விரலை வையுங்கள். இறுக்கும்போது அந்த இடம் உறுதியாகி விரலை விட்டு மேலே விலகும். கீழே தள்ளினால் பிழை, அது முக்குதல். மூன்றாவது, சலம் போகும்போது நடுவில் ஒரு தரம் நிறுத்திப் பார்ப்பது. இது சோதிக்க மட்டும்தான். இதையே தினமும் பயிற்சியாகச் செய்தால் சலப்பை முழுதாக வெறுமையாகாமல் போகலாம். ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

எவ்வளவு, எப்போது

குறைந்தது நாலு கிழமை இருந்தால் நல்லது. ஆறு ஏழு கிழமை கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு கிழமைதான் இருக்கிறதென்றால் அதற்காக விட்டுவிடாதீர்கள். தசையைக் கண்டுபிடித்து வைப்பதே பாதி வேலை. ஒப்பரேசன் முடிந்து நோவும் வீக்கமுமாக இருக்கும்போது புதிதாகத் தேடுவது மிகக் கடினம்.

முதல் கிழமை படுத்தபடி. இறுக்கி மூன்று முதல் ஐந்து வினாடி பிடியுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். பிடித்த அளவுக்காவது ஓய்வு கொடுங்கள். ஐந்து வினாடி சுகமாக வந்ததும் ஆறு, ஏழு என்று ஏற்றி, பத்து வினாடி பிடித்துப் பத்து வினாடி விடுவதாக, பத்துத் தரம். இது மெதுவான பயிற்சி, தசையின் தாங்கும் பலத்துக்கு. அது முடிந்ததும் பத்துத் தரம் டக்கென்று இறுக்கி உடனே விடுங்கள். இருமல் வரும்போது சட்டென்று பூட்டுவது இந்த வேகம்தான். இரண்டும் சேர்ந்தது ஒரு தடவை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் செய்தால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம். தசை களைத்துப்போகும், அடியில் நோகும். நோகத் தொடங்கினால் நிறுத்தி, பிசியோவிடம் கேளுங்கள்.

விடுவதிலும் கவனம் வேண்டும். இறுக்குவதைத்தான் எல்லோரும் பயிற்சி என்று நினைக்கிறோம். முழுதாகத் தளர்ந்த தசைதான் அடுத்த தரம் முழுதாக இறுகும். மூச்சுப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் வாய் திறந்து சத்தமாக எண்ணுங்கள். பேசிக்கொண்டிருக்கிற வாய் மூச்சைப் பிடிக்க முடியாது. கணக்கு வாத்தியாருக்கு இது கைவந்த வேலை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைக் கேட்டு மனுசி உள்ளே வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டா. சொன்னேன். "இதையா? பிள்ளை பெத்த பிறகு மிட்வைவ் எங்களுக்குச் சொல்லித் தந்தவ. நான் எத்தினை வருசமா செய்யிறன்" என்றா. அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948 இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியதும் பெண்களுக்காகத்தான் என்று பிறகு அறிந்தேன். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் மறந்தாலும் அவ நினைவுபடுத்துவா. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று தடவையும் மறக்காமல் இருக்க, ஏற்கெனவே செய்கிற ஏதாவது வேலையோடு சேர்த்துவிடுங்கள். எனக்குக் காலையில் எழும்ப முன் பாயில், மத்தியானம் சாப்பிட்டபின் கதிரையில், பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றபடி. இந்தப் படுத்தல், இருத்தல், நிற்றல் என்ற வரிசையும் முக்கியம். நிற்கும்போதுதான் வயிற்றுப் பாரம் முழுக்க அந்த ஏணையில் இறங்கும். பிறகு கசிவதும் நிற்கும்போதுதான். மூன்றாம் நாலாம் கிழமையில் பாதித் தடவையாவது நின்றபடி செய்யுங்கள். பிசியோப் பிள்ளை சொல்லி, நான் பஸ்ஸிலும் செய்தேன். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் நடுவில் ஒரு தடவை முடிந்துவிடும். பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் பிழையான தசையை இறுக்குகிறீர்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் உதவிய பழக்கம் ஒன்று. வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிற எந்த வேலைக்கும் அரை வினாடி முன்னால் கதவைப் பூட்டுவது. இருமப் போகிறீர்கள், பூட்டு. தும்மல் வருகிறது, பூட்டு. கதிரையிலிருந்து எழும்ப முன், வாளியைத் தூக்க முன், வரம்பில் ஏற முன், லாண்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு மெசினை, சுழற்றி ஸ்டார்ட் பண்ண முன். ஒரு நாளில் எத்தனை தரம் அப்படி வருகிறது என்று ஒப்பரேசனுக்கு முன்பே பார்த்துப் பழகினால், பிறகு உடம்பு தானாகச் செய்யும். எனக்கு அந்த ஏழு கிழமையில் அறுவடையும் வந்தது. ஒவ்வொரு தரமும் குனிந்து நிமிரும்போது பூட்டிப் பூட்டிப் பழகினேன்.

சாப்பாடு, தண்ணீர், வேறு சில

மலச்சிக்கல் இருந்தால் இவ்வளவும் வீண். முக்குகிற ஒவ்வொரு தரமும் இந்தத் தசை கீழே தள்ளப்படுகிறது. குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, கீரை, முருங்கையிலைச் சுண்டல், பப்பாசிப்பழம் என்று எங்கள் சாப்பாட்டிலேயே மருந்து இருக்கிறது. புகைப்பவர்கள் நிறுத்துங்கள். இருமல் குறையும், மயக்க மருந்துக்கும் நல்லது. தொப்பை குறைந்தால் ஏணையில் பாரம் குறையும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். கசியும் என்று பயந்து வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். சலம் கடும் மஞ்சளாகி சலப்பையை இன்னும் எரிச்சலூட்டும், மலமும் இறுகும். வேறு வருத்தம் இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், வயலில் நின்றால் இன்னும் கூட. சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் டொக்டர் சொன்ன அளவே. பிளேன்ரீயையும் கோப்பியையும் மட்டும் குறையுங்கள், முக்கியமாகப் பின்னேரத்துக்குப் பிறகு. எனக்கு நாளைக்கு ஆறு பிளேன்ரீ. இரண்டாக்கினேன்.

எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய ஒரு சொல். உடம்பில் ஷெல் துண்டு, சன்னம் இருப்பவர்கள் வன்னியில் எத்தனை பேர். புரொஸ்ரேற்றுக்கு எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால், உள்ளே செல்ல முன் கட்டாயம் சொல்லுங்கள். அது பலமான காந்தம். ஆறின காயம்தானே என்று மறைக்க வேண்டாம். முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ காயப்பட்டவர்களுக்கு அந்த நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகத் தொடங்காமல், டொக்டரிடம் சொல்லி பிசியோவின் கையால் பழகுவதே சரி.

கதீற்றர் இருக்கும் நாட்கள்

ஒப்பரேசனுக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு சலக்குழாயில் கதீற்றர், அதாவது சலம் வடிய விடுகிற மெல்லிய குழாய், இருக்கும். அந்த நாட்களில் பயிற்சி செய்யக் கூடாது. தைத்த இடம் ஆற வேண்டும். நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பயிற்சியை மட்டும் டொக்டர் சொல்லும்வரை நிறுத்துங்கள்.

கதீற்றர் கழற்றப் போகும் நாளுக்குக் கடும் நிறக் காற்சட்டையோ சாரமோ ஒன்றுக்கு இரண்டு, இறுக்கமான உள்ளுடுப்பு, வயது வந்தோருக்கான பாம்பேர்ஸ் அல்லது பாட் ஒரு பக்கெட், நனைந்ததைப் போட ஒரு பொலித்தீன் பை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஊருக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் வர எண்ணாமல் அன்றைக்கு ஒரு வாகனம் பிடியுங்கள். எனக்குக் கழற்றியதும் எழும்பி நின்றேன், தொடை வழியே ஓடியது. அது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. முன்பே தெரிந்திருந்ததால் நான் கலங்கவில்லை. அன்றிரவே டொக்டரின் அனுமதியோடு பாயில் மல்லாந்து படுத்து, மூன்று வினாடியிலிருந்து திரும்பத் தொடங்கினேன். தசை இருந்த இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

கதீற்றர் கழற்றிய பிறகு சலம் அடைத்துப் போகவே முடியாமல் இருந்தால், இரத்தக் கட்டி போனால், நடுங்கிக் காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ வந்தால், விடியட்டும் என்று பாராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

அதற்குப் பிறகு

இரவில் முதலில் காயும். பிறகு காலையில் காயும். பின்னேரம்தான் கடைசி, நாள் முழுக்க வேலை செய்து தசை களைத்திருக்கும். நான் ஒவ்வொரு நாளும் எத்தனை பாட் மாற்றினேன் என்று கொப்பியில் எழுதினேன். முதல் கிழமை ஐந்து. இரண்டாம் மாத முடிவில் இரண்டு. நாலாம் மாதம் வெளியே போகும்போது மட்டும் ஒன்று, அதுவும் பயத்துக்கு. எழுதியிராவிட்டால் ஒன்றும் மாறவில்லை என்றே நினைத்திருப்பேன்.

ஐந்தாம் கிழமையில் ஒரு பிழை விட்டேன். சிறுபோகத்துக்கு வந்த யூரியா மூட்டையை மகன் வரும்வரை பொறுக்காமல் நானே இழுத்தேன். மூன்று நாளைக்குப் பழையபடி கசிந்தது. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் ஓடக் கூடாது என்று சொன்னது அதற்காகத்தான். அதன்பிறகும் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதைச் செய்தால் கசியவே கசியாது என்று நான் சொல்லமாட்டேன். முன்பே பழகியவர்களுக்கு முதல் சில மாதங்களில் கட்டுப்பாடு விரைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வருடம் போனபின் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் அந்த முதல் மாதங்கள்தான் மனிதனை வீட்டுக்குள் முடக்குகிற மாதங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கத் தயங்குகிற, கோயிலுக்குப் போகாமல் சாட்டுச் சொல்கிற மாதங்கள். அவற்றில் ஒன்றிரண்டு குறைந்தாலும் இந்த வேலைக்குக் கூலி கிடைத்துவிடும். ஒரு வருடம் போயும் நிறையக் கசிந்தால் அதைத் தலைவிதி என்று விடவேண்டாம். சலக்குழாயைத் தாங்கப் பட்டி வைப்பது, செயற்கைக் கதவு பொருத்துவது என்று அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்தப் பிசியோப் பிள்ளை என் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு படம் கீறித் தந்தவ. சலப்பை, புரொஸ்ரேற், கீழே ஏணை போல வளைந்த ஒரு கோடு. அதைக் கிளிநொச்சியில் போட்டோப் பிரதி எடுத்து இதுவரை நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். போன கிழமை ஐந்தாவது பிரதி, எங்கள் வாய்க்காலில் கடைசி வயல்காரருக்கு. அவருக்குத் தை மாதம் ஒப்பரேசன். வரம்பில் குந்தியிருந்து படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மார்கழித் தண்ணி மாதிரி எண்டு சொன்னனீர், அதை இன்னொருக்காச் சொல்லும்" என்றார். திரும்பச் சொன்னேன்.